பேரல் ஒன்று, வண்டி நூறு

பெட்ரோல் பங்க்கில் மீட்டர் பூஜ்ஜியத்தில் இருக்கிறதா என்று கழுத்தை நீட்டிப் பார்க்கிறோம். ஐம்பது மில்லி குறைந்தாலும் சண்டைக்கு நிற்கிறோம். காரைச் சர்வீஸுக்கு விடும்போது மட்டும், இன்ஜினுக்குள் என்ன ஆயில் இறங்குகிறது என்று பார்க்காமல் எதிர்க்கடைக்கு டீ குடிக்கப் போய்விடுகிறோம். பெட்ரோல் நாலு நாளில் எரிந்து தீர்ந்துவிடும். கலப்படமாக இருந்தால் வண்டி திணறிக் காட்டிக் கொடுத்துவிடும். ஆயில் அப்படிக் காட்டிக் கொடுக்காது. ஒரு வருஷமோ பத்தாயிரம் கிலோமீட்டரோ உள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கும். தப்பான ஆயில் இன்ஜினைத் தின்னும்போதும் சத்தம் வராது. சத்தம் வரும் நாளில் வாரண்டி முடிந்திருக்கும், பில் தொலைந்திருக்கும், எந்தக் கையில் தப்பு நடந்தது என்று நிரூபிக்க வழியிருக்காது.

இதை இப்போது ஏன் இவ்வளவு அவசரமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது என்றால், வண்டிகள் மாறிவிட்டன, பட்டறையின் பேரல் மாறவில்லை. 2020 ஏப்ரல் 1 முதல் நாட்டில் விற்கும் புதிய கார்கள் எல்லாம் பிஎஸ்-6 புகை மாசு விதிக்குள் வந்துவிட்டன. டீசலில் கந்தகத்தின் அளவு பத்து லட்சத்தில் 50 பங்கிலிருந்து 10 பங்காகக் குறைந்தது. புகைக்குழாயில் வடிகட்டிகள் ஏறின. சிறிய கார்களுக்குக்கூட டர்போ வந்துவிட்டது. இத்தனையும் வந்த பிறகும் ஊர்ப் பட்டறைகள் பலவற்றில் 20டபிள்யூ-40 என்றோ 15டபிள்யூ-40 என்றோ எழுதிய 210 லிட்டர் பேரல் ஒன்று மூலையில் நிற்கிறது. பழைய அம்பாஸடர் வந்தாலும் அதே ஆயில்தான், போன மாதம் ஷோரூமிலிருந்து இறங்கிய டர்போ கார் வந்தாலும் அதே ஆயில்தான். லிட்டர் ஜாடியில் பிடித்து, மூணே கால் லிட்டர் ஊற்றி, டிப் ஸ்டிக்கைத் துணியால் துடைத்துக் காட்டி, “ஃபுல் சார்” என்று அனுப்பிவிடுகிறார்கள். அளவு சரிதான். என்ன ஆயில் என்று யாரும் கேட்பதில்லை, யாரும் சொல்வதுமில்லை.

கேட்டால் வருகிற பதில் ஒன்று உண்டு. “நம்ம ஊரு வெயிலுக்குக் கெட்டி ஆயில்தான் சார் தாங்கும். தண்ணி மாதிரி இருக்கிறதெல்லாம் வெளிநாட்டுக்காரனுக்கு.” கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. வேலூரில் அக்னி நட்சத்திரத்தில் 42 டிகிரி கொளுத்தும்போது இது சரியென்றே படும். ஆனால் இன்ஜின் ஓட ஆரம்பித்துச் சூடேறிய பிறகு அதன் ஆயில் 100 டிகிரிக்கு அக்கம்பக்கத்தில் நிற்கிறது. பிஸ்டன் ரிங் ஓரம் 200 டிகிரியை எட்டும். அந்தச் சூட்டைக் கட்டுக்குள் வைக்கத் தெர்மோஸ்டாட்டும் ரேடியேட்டரும் இருக்கின்றன. வெளியே ஊட்டிக் குளிரா வேலூர் வெயிலா என்பது அந்தக் கணக்கில் சிறிய வித்தியாசத்தையே உண்டாக்கும்.

புதிய கார்கள் பல கேட்கும் 0டபிள்யூ-20 என்பதில் முதல் எண்ணும் டபிள்யூவும் குளிரில் ஆயில் எவ்வளவு சுலபமாக ஓடும் என்பதைக் காட்டுகின்றன. கடைசி எண், 100 டிகிரியில் அதன் கெட்டித்தன்மை. எஸ்ஏஇ அட்டவணைப்படி 20 என்ற ஆயில் அந்தச் சூட்டில் 6.9 முதல் 9.3 சென்டிஸ்டோக் வரை இருக்கலாம். 40 என்றால் 12.5-லிருந்து 16.3 வரை. அதாவது ஏறக்குறைய இரண்டு மடங்கு கெட்டி. இன்றைய இன்ஜின்கள் பலவற்றில் பேரிங் இடைவெளிகளும், வால்வு நேரத்தை மாற்றும் கருவிக்குப் போகும் ஆயில் துளைகளும் இந்த மெல்லிய ஆயிலுக்கென்றே அளந்து வைத்தவை. அங்கே இரண்டு மடங்கு கெட்டியானதை ஊற்றினால், காலையில் சாவி போட்டவுடன் மேலே கேம் ஷாஃப்டுக்கு ஆயில் ஏறத் தாமதமாகும். இன்ஜின் அதிகம் தேய்வது இப்படி ஸ்டார்ட் ஆகும் நேரத்தில்தான். மைலேஜும் குறையும். கெட்டி ஆயில் போட்டதும் சத்தம் அடங்கியதைப் பார்த்து மகிழ்ந்துபோகிறவர்கள் இதை யோசிப்பதில்லை.

மெக்கானிக்கின் பக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். சில கம்பெனிகளின் கையேட்டிலேயே சுற்றுப்புற வெப்பநிலைக்கு ஏற்ப இரண்டு மூன்று கிரேடுகள் தந்திருப்பார்கள். வெயில் பிரதேசத்துக்கு ஒரு படி கெட்டியானதை அனுமதித்தும் இருப்பார்கள். இரண்டு லட்சம் கிலோமீட்டர் ஓடி ஆயில் குடிக்கிற பழைய வண்டிக்கு விவரம் தெரிந்த மெக்கானிக் ஒரு படி ஏற்றிப் போடுவதிலும் அர்த்தம் உண்டு. அந்த விதிவிலக்கைப் பிடித்துக்கொண்டு எல்லா வண்டிக்கும் பேரலைத் திறப்பதுதான் பிரச்சினை.

கெட்டித்தன்மைகூடப் பாதிக் கதைதான். மீதிப் பாதி, ஆயிலில் கலந்திருக்கும் மருந்துகளில் இருக்கிறது. டப்பாவின் பின்பக்கம் பொடி எழுத்தில் ஏபிஐ என்று போட்டுப் பக்கத்தில் இரண்டு எழுத்து இருக்கும். எஸ் என்று ஆரம்பித்தால் பெட்ரோல் இன்ஜினுக்கு. இரண்டாவது எழுத்து அகர வரிசையில் தள்ளிப் போகப் போகப் புதிய தரம். எஸ்என் 2010-ல் வந்தது. எஸ்பி 2020 மே மாதம் வந்தது. எஸ்கியூ 2025-ல் வந்துவிட்டது. எஸ்எஃப் என்ற தரம் 1988-க்குப் பிறகு தயாரான பெரும்பாலான பெட்ரோல் இன்ஜின்களுக்கு ஏற்றதில்லை என்று இந்தத் தரங்களை வகுக்கும் ஏபிஐ அமைப்பே எழுதி வைத்திருக்கிறது. முன்பக்கம் பந்தயக் கார் படம் எவ்வளவு பெரிதாக இருந்தாலும், பின்பக்கம் எஸ்எஃப் என்றிருக்கும் டப்பாவைப் புது வண்டிக்கு வாங்கக் கூடாது.

எஸ்பி எதற்காக வந்தது என்று பார்த்தால் ஆபத்தின் அளவு புரியும். நேரடியாகப் பெட்ரோலைப் பீய்ச்சும் சிறிய டர்போ இன்ஜின்களில் ஒரு நோய் தலைகாட்டியது. மேட்டில் கியரைக் குறைக்காமல் நாலாவதிலேயே அழுத்துகிறோம் அல்லவா, அப்படிக் குறைந்த சுற்றில் அதிக பாரம் விழும்போது, சிலிண்டருக்குள் ஆயிலும் பெட்ரோலும் கலந்த துளி ஒன்று ஸ்பார்க் பிளக் பொறி விடுவதற்கு முன்பே தானாகப் பற்றிக்கொள்ளும். சுத்தியலால் அடித்த மாதிரி ஒரு சத்தம் வரும். சில அடிகளிலேயே பிஸ்டன் உடைந்த வண்டிகள் உண்டு. ஆயிலைச் சுத்தமாக வைக்கச் சேர்க்கும் கால்சியம் உப்புகள் இதைத் தூண்டுகின்றன என்று கண்டுபிடித்து, அவற்றைக் குறைத்து மக்னீசியத்தைச் சேர்த்தார்கள். டைமிங் செயின் தேய்மானத்துக்கும் தனிச் சோதனை வைத்தார்கள். இத்தனையும் அந்த இரண்டு எழுத்துக்குள் இருக்கிறது. கொல்லிமலையின் எழுபது கொண்டை ஊசி வளைவுகளில் குடும்பத்தோடு ஏறப்போகிறவர், தன் டர்போ காரில் எந்த ஆயில் இருக்கிறது என்று தெரியாமல் ஏறுவது விளையாட்டில்லை.

டீசல் வண்டியின் கதை இன்னும் மோசம். பிஎஸ்-6 டீசல் கார்களின் புகைக்குழாயில் டிபிஎஃப் என்ற வடிகட்டி இருக்கிறது. கரி அதில் சேரும். வண்டி வேகமாக ஓடும்போது அது தன்னைத் தானே சூடேற்றிக் கரியை எரித்துவிடும். ஆனால் ஆயில் எரிந்து விடும் சாம்பல் எரியாது. அது உள்ளேயே தங்கி வடிகட்டியைக் கொஞ்சம் கொஞ்சமாக அடைக்கும். அதனால்தான் சாம்பல் குறைந்த ஆயில்கள் வந்தன. ஐரோப்பியத் தரத்தில் சி2, சி3 என்று எழுதியிருப்பவை அவைதாம். பழைய லாரி டீசல் ஆயில் நல்ல ஆயில்தான், லாரிக்கு. சங்ககிரியிலும் நாமக்கல்லிலும் பழைய லாரிகள் அதில் லட்சக்கணக்கான கிலோமீட்டர் ஓடியிருக்கின்றன. அதையே டிபிஎஃப் உள்ள காரில் ஊற்றினால் வடிகட்டியின் ஆயுள் அரைகுறையாகிவிடும். மாற்றப் போனால் வரும் பில்லில், நல்ல ஆயிலைப் பல வருஷத்துக்கு வாங்கிப் போட்டிருக்கலாம்.

இந்த வடிகட்டி வேறொரு வேலையும் செய்கிறது. கரியை எரிக்கக் கூடுதல் டீசலைப் பீய்ச்சும்போது அதில் கொஞ்சம் சிலிண்டர் ஓரமாக வழிந்து ஆயிலில் கலக்கும். கிண்டியிலிருந்து அண்ணா நகர் வரை ஊர்ந்து போய்த் திரும்பும் வண்டியில் அந்த எரிப்பு பாதியிலேயே நிற்கும், மறுபடி ஆரம்பிக்கும், மறுபடி டீசல் இறங்கும். டிப் ஸ்டிக்கை எடுத்துப் பார்த்தால் ஆயில் குறைவதற்குப் பதிலாக ‘ஃபுல்’ கோட்டைத் தாண்டி ஏறியிருக்கும். “வண்டி ஆயிலே குடிக்கல” என்று சந்தோஷப்படுகிறவர்கள் உண்டு! மோந்து பார்த்தால் டீசல் வாசம் அடிக்கும். அந்த ஆயிலை உடனே மாற்ற வேண்டும். நகரத்து நெரிசல், குறுந்தூர ஓட்டம், புழுதி எல்லாவற்றையும் பெரும்பாலான கையேடுகள் ‘கடினமான பயன்பாடு’ என்ற தலைப்பில் வைத்து, ஆயில் மாற்றும் இடைவெளியைக் குறைத்துத்தான் சொல்கின்றன. நம் ஓட்டம் பெரும்பாலும் அந்தத் தலைப்பில்தான் வரும். அந்தப் பக்கத்தை யாரும் புரட்டுவதில்லை.

இன்னும் சில இன்ஜின்களில் டைமிங் பெல்ட்டே ஆயிலுக்குள் நனைந்தபடி ஓடுகிறது. தவறான ஆயிலில் அந்த ரப்பர் பெல்ட் ஊறிப் பிசிறு பிசிறாக உதிரும். பிசிறுகள் ஆயில் பம்ப்பின் சல்லடையை அடைக்கும். ஆயில் லைட் எரியும்போது உள்ளே பாதி முடிந்திருக்கும். உங்கள் வண்டி அந்த வகையா என்று சர்வீஸ் சென்டரில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பைக்கில் கார் ஆயிலை ஊற்றுவதும் இதே ரகம். பைக்கில் கிளட்ச் ஆயிலுக்குள்ளேயே இருப்பதால், கார் ஆயிலில் வழுக்கலுக்காகச் சேர்த்த மருந்து கிளட்சையும் வழுக்க வைத்துவிடும். ஜாசோ எம்ஏ அல்லது எம்ஏ2 என்று எழுதியிருப்பதுதான் அதற்கு.

சரி, கிரேடு தெரிந்துவிட்டது, கடையில் கேட்டு வாங்கிவிட்டோம். டப்பாவுக்குள் இருப்பது டப்பாவின் மேல் எழுதியிருப்பதுதானா? இங்கேதான் நமக்கு உண்மையான கவலை.

பட்டறையில் வடித்த பழைய ஆயிலை வாங்கிப் போக ஆள் வருகிறார். அதே பட்டறையின் காலி டப்பாக்களை வாங்கிப் போகவும் ஆள் வருகிறார். இந்த இரண்டும் எங்கோ ஓர் இடத்தில் சந்தித்துக்கொண்டால் போதும். பழைய ஆயிலைத் துணியிலோ மண்ணிலோ வடிகட்டி, கறுப்பு தெரியாமல் சாயம் சேர்த்து, காலி டப்பாவில் நிரப்பி, புது மூடி போட்டு விற்கலாம். போலி ஆயில் பிடிபட்டதாக அவ்வப்போது செய்தி வருகிறது. சாக்கு மூட்டையில் மூடிகளும் ரோல் ரோலாக லேபிள்களும் இருக்கும் படம் வருகிறது. நாலு நாளில் மறந்துவிடுகிறோம். பழைய ஆயிலை முறைப்படி சுத்திகரித்தால் நல்ல அடிப்படை எண்ணெய் கிடைக்கும் என்பதும் உண்மை. அது பெரிய ஆலையில், அனுமதியோடு, சோதனைக்கூடத்தோடு நடக்க வேண்டிய வேலை. கொல்லைப்புறத்தில் தேய்ந்த இரும்புத்தூளும் அமிலமும் அப்படியே தங்கிவிடும்.

விரலில் தொட்டுத் தேய்த்துப் பார்த்து நல்ல ஆயிலா என்று சொல்லும் வித்தையை நம்பாதீர்கள். நிறத்தையும் நம்ப வேண்டாம். சாயத்தால் எந்த நிறமும் வரும். நல்ல ஆயிலே டீசல் இன்ஜினில் ஊற்றிய கொஞ்ச நேரத்தில் கறுத்துவிடும். பார்க்க வேண்டியவை வேறு. மூடிக்கு அடியில் ஒட்டிய ஃபாயில் சீல் முழுதாக இருக்கிறதா, டப்பாவில் அச்சான பேட்ச் எண்ணும் தயாரித்த மாதமும் தெளிவாக இருக்கின்றனவா, கம்பெனி கியூஆர் குறி தந்திருந்தால் அது அதே கம்பெனியின் பக்கத்துக்குத்தான் போகிறதா என்று பார்க்க வேண்டும். தயாரிப்பாளர் முகவரி, அளவு, மாதம், அதிகபட்ச விலை, புகார் எண் எல்லாம் டப்பாவில் இருந்தாக வேண்டும் என்று 2011-ஆம் ஆண்டுப் பொட்டலப் பொருள் விதிகளே சொல்கின்றன. பேரலிலிருந்து ஜாடியில் பிடிக்கும் ஆயிலில் இதில் ஒன்றையும் நீங்கள் பார்க்க முடியாது. அதனால்தான் லூஸ் ஆயிலே வேண்டாம் என்கிறோம். டப்பாவை உங்கள் கண்முன் திறக்கச் சொல்லுங்கள். ஊற்றி முடிந்ததும் காலி டப்பாவை வாங்கி, ஆணியால் இரண்டு ஓட்டை போட்டு, லேபிளைக் கிழித்து எறியுங்கள். மெக்கானிக் ஒரு மாதிரி பார்ப்பார். பார்க்கட்டும்.

பழியை மரத்தடி மெக்கானிக்கின் தலையில் கட்டிவிட்டுப் போவதற்காக இதை எழுதவில்லை. குளிரூட்டிய வரவேற்பறை வைத்த சர்வீஸ் சென்டர்களிலும் பேரல்தான். பில்லில் “இன்ஜின் ஆயில், 3.5 லிட்டர்” என்று மட்டும் இருக்கும். எந்த கிரேடு, எந்தத் தரம் என்று இருக்காது. ஆனால் கேட்காமலே “ஃபுல் சிந்தெடிக் போட்டுடலாமா சார்” என்று இரட்டிப்பு விலைக்குத் தள்ளுவார்கள். சிந்தெடிக் என்ற சொல்லை அவ்வளவு பயபக்தியோடு பார்க்க வேண்டாம். கச்சா எண்ணெயிலிருந்தே கடுமையாகச் சுத்திகரித்த எண்ணெயையும் சிந்தெடிக் என்று விளம்பரம் செய்யலாம் என்று 1999-ல் அமெரிக்காவில் இரண்டு பெரிய கம்பெனிகளுக்கு இடையிலான தகராறில் விளம்பரக் கண்காணிப்பு அமைப்பு ஒன்று சொல்லிவிட்டது. அன்றிலிருந்து அது பெரும்பாலும் முன்பக்க விளம்பரச் சொல்தான். கையேடு கேட்கிற கிரேடும் தரமும் பின்பக்கம் இருந்தால் போதும். பல புதிய கிரேடுகள் இயல்பாகவே சிந்தெடிக்காகத்தான் வரும் என்பது வேறு விஷயம்.

மெக்கானிக்குக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்? இன்ஜின் சத்தத்தைக் கேட்டே நோயைச் சொல்லிவிடுகிற ஆட்கள் அவர்கள். புதுப்பேட்டையிலும் ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டிலும் எந்த உதிரி பாகம் எந்தக் கடையில் கிடைக்கும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார்கள். புது மாடலுக்கு எந்த ஆயில் என்ற விவரமோ கம்பெனியின் சர்வீஸ் கையேட்டிலும், ஆங்கிலத்தில் நானூறு பக்கப் புத்தகத்தில் எங்கோ ஒரு மூலையிலும் கிடக்கிறது. சில கம்பெனிகள் ஆயில் மூடியிலேயே கிரேடை அச்சிடுகின்றன. எல்லாக் கம்பெனிகளும் பானெட்டுக்குள் ஒரு ஸ்டிக்கர் ஒட்டினால் என்ன? கிரேடு, தரம், எத்தனை லிட்டர், எத்தனை கிலோமீட்டர், இதைத் தமிழில் எழுத நாலு வரி போதும். இந்தியாவின் கார்களில் பெரும் பங்கைத் தயாரிக்கும் மாநிலம் நம்முடையது. ஸ்ரீபெரும்புதூரிலும் ஒரகடத்திலும் நிலமும் தண்ணீரும் சலுகையும் வாங்கிய கம்பெனிகளிடம் இதைக் கேட்க அரசுக்கு உரிமை உண்டு.

சட்டம் இல்லாமல் இல்லை. மசகு எண்ணெய் தயாரிப்பையும் விற்பனையையும் ஒழுங்குபடுத்த அத்தியாவசியப் பொருள்கள் சட்டத்தின் கீழ் 1987-லேயே ஓர் ஆணை வந்தது. பொட்டலத்தில் என்ன எழுத வேண்டும் என்பதை எடையளவுச் சட்டம் பார்க்கிறது, அது தமிழகத்தில் தொழிலாளர் துறையின் கையில். பழைய ஆயில் அபாயக் கழிவு, அது மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் கையில். டப்பா ஒரு துறைக்கு, டப்பாவுக்குள் இருப்பது இன்னொரு துறைக்கு, வடித்த பிறகு மூன்றாவது துறைக்கு. ஆளுக்கொரு துண்டைப் பிடித்துக்கொண்டிருப்பதால் பட்டறைக்குள் நுழைந்து பேரலின் மூடியைத் திறந்து பார்க்கிற அதிகாரி யாருமில்லை. மூன்று துறையும் சேர்ந்து ஒரு நாள் சோதனைக்குப் போகட்டும், மாதிரி எடுத்துச் சோதனைக்கூடத்துக்கு அனுப்பட்டும். ஆயில் மாற்றிய ஒவ்வொரு பில்லிலும் பிராண்டு, கிரேடு, தரம் மூன்றையும் எழுதுவதைக் கட்டாயமாக்கட்டும். ஏமாந்தவர்கள் 1915 என்ற தேசிய நுகர்வோர் எண்ணில் புகார் தரலாம். ஆனால் பில் வேண்டும். அது இல்லாமல் அங்கேயும் ஒன்றும் நடக்காது.

வடித்த ஆயில் எங்கே போகிறது என்ற கேள்வி இன்னும் பெரிது. சென்ட்ரிங் பலகையில் பூசுகிறார்கள், கரையானுக்கென்று மரத்தில் தடவுகிறார்கள், மிச்சத்தைச் சாக்கடையில் விடுகிறார்கள். ஒரு காரில் ஒரு முறை வடிக்கும் ஆயில் பத்து லட்சம் காலன் நன்னீரைக் கெடுக்கப் போதும் என்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை சொல்கிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து எண்ணூர் கழிமுகத்தில் படிந்தபோது மீனவர்கள் படகில் உட்கார்ந்து வாளியிலும் குவளையிலும் மொண்டு எடுத்ததைப் பார்த்தோம். அது ஒரே இடத்தில் வந்ததால் கண்ணில் பட்டது. பட்டறை பட்டறையாக, நாலு லிட்டர் நாலு லிட்டராகப் போவது யார் கண்ணிலும் படுவதில்லை. பழைய ஆயிலைத் திரும்பப் பெற்று மறுசுத்திகரிப்புக்கு அனுப்பும் பொறுப்பைத் தயாரிப்பாளர்கள் மீது சுமத்தும் விதிகள் 2024 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்துவிட்டன. அந்த வலை இன்னும் தெருக்கோடிப் பட்டறை வரை வந்து விழவில்லை.

மது பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்கி, காலி பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் அந்தப் பத்து ரூபாயைத் தரும் திட்டத்தை 2022-ல் நீலகிரியில் தொடங்கி நடத்திக் காட்டியது இதே மாநிலம்தான். ஆயில் டப்பாவுக்கும் அதைச் செய்யலாம். வாங்கும்போது இருபது ரூபாய் கூடுதலாக வைக்கட்டும். காலி டப்பாவையும் வடித்த ஆயிலையும் பட்டறைக்காரர் ஒப்படைக்கும்போது திருப்பித் தரட்டும். போலிக்காரனுக்கு டப்பாவும் கிடைக்காது, சரக்கும் கிடைக்காது. அடுத்த சட்டமன்றக் கூட்டத்தொடரில் சுற்றுச்சூழல் துறை மானியக் கோரிக்கை வரும்போது இதைக் கேட்க ஓர் உறுப்பினராவது எழுந்திருக்க வேண்டும்.